டபரால வெந்த பன்னு

"நெல்லு விளையுற ஊர்ல பொறந்துட்டு சோறு சேரலன்னாதான்டா கவலைப்படணும், கோதுமை சேரலன்னா போவுது விடு"ன்னாங்க எங்கம்மா. தஞ்சாவூர்ல ரிப்போர்ட் வாங்கிட்டு மன்னார்குடி பஸ்ல வந்து இறங்கி, செருப்பைக்கூட கழட்டாம திண்ணைல நானும் வீட்டுக்காரியும் மூஞ்சைத் தொங்கப்போட்டு உக்காந்திருந்தப்ப சொன்னது. அன்னைக்கு எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. நம்ம சாப்பாட்டுல கோதுமை எங்க இருக்கு, காலைல இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை, எப்பவாவது ஒரு சப்பாத்தி, அவ்ளோதானேன்னு நினைச்சேன். அந்த நினைப்பு எவ்ளோ தப்புன்னு புரியவே 4 மாசம் ஆச்சு, ஒரு பன்னு ஒழுங்கா வர ரெண்டரை வருஷம் ஆச்சு, அந்தக் கதையத்தான் எழுதலாம்னு உக்காந்திருக்கேன்.

பாப்பாவுக்கு அப்ப 7 வயசு. வயிறு மட்டும் உப்பி, கை கால் குச்சி குச்சியா, ஸ்கூல்ல பிரேயர் லைன்ல எப்பவும் முன்னாடி நிக்கிற பொண்ணு. ரத்தம் கம்மின்னு இரும்பு டானிக் குடுத்தாங்க, ஏறல. பூச்சின்னு பூச்சி மருந்து குடுத்தாங்க. எங்கம்மா பங்குக்கு ஓமத்தண்ணி, சுக்கு. ஒரு டாக்டர் "புள்ள சாப்பிடுறதில்ல, சத்து பத்தல"ன்னு பால்ல கலந்து குடிக்கிற மால்ட் பவுடர் எழுதிக் குடுத்தாரு, நாங்களும் டின் டின்னா வாங்கி காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணுன்னு ஊத்தினோம். மால்ட்னா பார்லியை முளைக்கட்டி எடுக்கிறது, அந்த டின்ல பார்லியோட கோதுமை மாவும் சேர்த்துதான் இருந்துச்சு. புள்ள தேறணும்னு குடுத்ததே புள்ளையை அரிச்சிருக்கு. இதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு ராத்திரில தூக்கம் கலையும்.

கடைசியா தஞ்சாவூர்ல ஒரு டாக்டரம்மாதான் டிடிஜி ஐஜிஏன்னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதினாங்க, அது எக்கச்சக்கமா ஏறியிருக்கவும் எண்டோஸ்கோப்பி பண்ணி சிறுகுடல்லேர்ந்து துணுக்கு எடுத்துப் பாத்தாங்க. சீலியாக். நம்ம சிறுகுடல் உள்பக்கம் புது டர்க்கி டவல் மாதிரி பொசுபொசுன்னு இருக்குமாம், அந்த நூலுங்கதான் சாப்பாட்டு சத்தை உறிஞ்சும். சீலியாக் இருக்கிறவங்களுக்கு கோதுமை, பார்லி, ரைங்கிற வெளிநாட்டு தானியம் மூணுலயும் இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் உள்ள போனா உடம்பே தன் குடலை அடிக்க ஆரம்பிச்சிடும், டவல் தேய்ஞ்சு கைத்தறித் துண்டாட்டம் வழவழன்னு ஆயிடும், அப்புறம் எத்தனை டானிக் குடிச்சாலும் வழிஞ்சுதான் போவும். இதுக்கு மாத்திரை கிடையாது, குளூட்டனை நிறுத்துறது மட்டும்தான் வைத்தியம், அதுவும் ஆயுசுக்கும். இடைல ஒண்ணு சொல்லிடுறேன், இதைப் படிச்சிட்டு யாராவது "நம்ம புள்ளைக்கும் இதுவா இருக்குமோ"ன்னு நினைச்சா, டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்தினா ரத்தத்துல அந்த அளவு இறங்கிடும், டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்து ஏமாத்திடும்.

"எங்க ஊர்ல யாருக்குமே இப்டி ஒரு வியாதி கேள்விப்பட்டதில்லையே டாக்டர்"னு நான் கேட்டேன். அப்புறம் வீட்ல வந்து தேடிப் படிச்சப்பதான் விஷயம் தெரிஞ்சுது. 2016ல வந்த ஒரு ஆராய்ச்சி, வடக்க, வடகிழக்க, தெக்கன்னு மூணு பக்கமும் 23 ஆயிரம் பேருக்கு மேல டெஸ்ட் பண்ணியிருக்காங்க. வடக்க நூத்துக்கு 1.23 பேருக்கு ரத்தத்துல சீலியாக்கோட அடையாளம் இருந்துச்சு, தெக்க நூத்துக்கு 0.10, அதாவது ஆயிரத்துல ஒருத்தர். இதுக்கு வேணுங்கிற மரபணு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருந்துச்சாம். வித்தியாசம் தட்டுலதான். வடக்க ஒரு ஆளு சராசரியா ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை, தெக்க 25 கிராம். அப்ப நம்ம கழனிங்கதான் இத்தனை தலைமுறையா நம்மள காப்பாத்திக்கிட்டு வந்திருக்கு, நாமதான் ராத்திரி சப்பாத்தி, நாலு மணிக்கு பரோட்டா, டீக்கு பிஸ்கட்னு மாறிக்கிட்டு வர்றோம். சரி, அதை விடுங்க, அதைப் பேச ஆரம்பிச்சா பன்னுக்கு வரமாட்டேன்.

கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாத்தையும் அன்னைக்கே மூட்டை கட்டி பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாச்சு. 4 மாசம் ஆச்சு, வயித்துவலி குறைஞ்சுது ஆனா நிக்கல. திரும்ப ரத்தம் எடுத்தா நம்பர் இறங்கியிருக்கு ஆனா இறங்கவேண்டிய அளவு இறங்கல. "எங்கேயோ உள்ள போய்க்கிட்டு இருக்கு, வீட்ல பாருங்க"ன்னாங்க டாக்டரம்மா. வீட்ல இருக்கிற ஒவ்வொரு டப்பாவையும் கீழ இறக்கி கூடத்துல வரிசையா வெச்சு, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி லேபிளைப் படிச்சேன். அஞ்சறைப்பெட்டி பக்கத்துல இருந்த பெருங்காய டப்பா. பின்னாடி எறும்பு மாதிரி எழுத்துல, சேர்க்கப்பட்டவை: கோதுமை மாவு, கருவேலம் பிசின், பெருங்காயம். கட்டிப் பெருங்காயத்துலயும் மைதா. அசல் பெருங்காயம் காரம் தாங்காதுன்னு மாவுல கலந்துதான் கடைக்கே வருது, அந்த மாவு நிறைய டப்பாவுல கோதுமைதான். ரசம், சாம்பார், புளியோதரை, மோருக்குத் தாளிக்கிறது, ஊறுகா, தினமும் ரெண்டு மூணு சிட்டிகை போய்க்கிட்டே இருந்திருக்கு.

எங்கம்மா கையில அந்த டப்பாவைக் குடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. ஒண்ணும் சொல்லல. புள்ளைக்கு வயிறு வலிக்கிறப்பல்லாம் பெருங்காயத்தைக் கரைச்சு தொப்புளைச் சுத்தித் தடவி, கொஞ்சம் மோர்லயும் போட்டுக் குடுத்தது அவங்கதான். டப்பாவை எடுத்துக்கிட்டு கொல்லைக்குப் போனாங்க, ரொம்ப நேரம் வரல. அதுக்கப்புறம் எங்க வீட்ல லேபிள் படிக்கிறது எங்கம்மா வேலை, கடைக்காரன் "பாட்டி, வாங்குறீங்களா இல்லையா"ன்னு கேக்குற வரைக்கும் படிப்பாங்க. இப்ப அரிசி மாவு கலந்த பெருங்காயம் பாத்து வாங்குறோம், கிடைக்கலன்னா பூண்டு ரெண்டு பல்லு கூடத் தட்டிப்போட்டுக்கிறது.

அடுத்து மில்லு. அரிசி மாவுன்னா அதுல குளூட்டன் ஏது, ஆனா அரைக்கிற மெஷின்ல இருக்குமே. எங்க தெரு மில்லுல மிளகாய்க்குத் தனி மெஷின், அரிசிக்கும் கோதுமைக்கும் ஒரே மெஷின். குளூட்டன் இல்லாததுன்னு ஒரு பொருளைச் சொல்லணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக்கூடாதுங்கிறது கணக்கு, நம்ம நாட்டு சட்டத்துலயும் அதே 20தான். கோதுமை மாவுல பத்துல ஒரு பங்கு சுமாரா குளூட்டன்னு வெச்சுக்கிட்டா, ஒரு கிலோ அரிசி மாவுல கால் கிராம் கோதுமை மாவு ஒட்டிக்கிட்டு வந்தாலே அளவு தாண்டிடும். கால் கிராம்னா ரெண்டு விரல்ல எடுக்கிற சிட்டிகை. மில்லுக்கார அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொல்லி, காலைல மொத ஆளா வர்றேன், மொதல்ல ரெண்டு கிலோ ரேஷன் அரிசியைப் போட்டு ஓட்டிடுங்க, அது மாட்டுக்குப் போவட்டும், அப்புறம் என்னுதைப் போடுங்கன்னேன். அவரு சரின்னாரு. மறுநாள் அவரே மெஷின் மூடியைத் தொறந்து டார்ச் அடிச்சுக் காட்டினாரு. கல்லு இடுக்குல, துணிக்குழாய் மடிப்புல, எங்க பாத்தாலும் மாவு. "தம்பி, காசு வாங்கிட்டு அரைச்சுக் குடுத்துருவேன், ஆனா புள்ள விஷயம்ங்கிற. நான் எவ்ளோ தொடைச்சாலும் இது போவாது. வீட்லயே அரைச்சுக்க"ன்னாரு. தன் மில்லுக்கு வராதேன்னு சொன்ன வியாபாரியை அப்பதான் பாத்தேன்.

அதனால வீட்டு மிக்சி, புதுசா ஒரு ஜார், புது சல்லடை. பழைய சல்லடை வேணாங்க, கண்ணுல தெரியாம ஓட்டைல அடைச்சிருக்கும். சப்பாத்திப் பலகையும் போச்சு.

இனிமே பேக்கிங். எங்க வீட்ல அதுவரைக்கும் கேக்குன்னா பந்தலடி கடைத்தெருவுல வாங்குறதுதான், வீட்ல யாரும் சுட்டதில்ல. நான் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் போடுற கடை வெச்சிருக்கேன், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஈ ஓட்டுறதுதான் வேலை, அந்த நேரத்துல யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டது. வீட்டுக்காரி டீச்சர், அவளுக்கு நேரம் கிடையாது. மொத மொத குக்கர்ல உப்பைக் கொட்டி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துட்டு, அதுக்குள்ள ஸ்டாண்டு வெச்சு கேழ்வரகு சாக்லேட் கேக்கு சுட்டேன். சூப்பரா வந்துச்சு! நிஜமாவே. கேழ்வரகு நிறம் கோகோல மறைஞ்சிடும், வாசமும் ஒத்துப்போவும். எனக்கு ஏதோ பெரிய கை இருக்குன்னு ஒரு வாரம் தலைகால் புரியல.

அப்புறம்தான் தெரிஞ்சுது, கேக்குக்கு குளூட்டனே அவசியமில்ல. முட்டை தாங்கிப் பிடிச்சுக்கும், சர்க்கரையும் வெண்ணெயும் மெத்துன்னு வெச்சுக்கும், சாதாரண கேக்கு செய்யறப்பவே மாவை ரொம்பக் கலக்காதேன்னு சொல்றது குளூட்டன் இழுத்துக்கக் கூடாதுன்னுதான். அதனால யாராவது "குளூட்டன் ஃப்ரீ கேக்கு பண்றேன்"னு பெருமையா சொன்னா நான் சிரிச்சுக்குவேன். கேக்கு எல்லாரும் பண்ணலாம். பன்னு பண்ணுங்க பாப்போம்.

பாப்பா கேட்டதும் பன்னுதான். அவ கேக்குக்கு ஏங்கல, அது பொறந்தநாளுக்கு ஒருநாள் வர்றது. அவளுக்கு வேண்டியது சாயந்திரம் டீக்கடைல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற பன்னு, ரெண்டா வெட்டி வெண்ணெய் தடவி பேப்பர்ல சுத்திக் குடுப்பாங்களே அது. எங்கப்பா இருந்தவரைக்கும் அவளை சைக்கிள்ல முன்னாடி உக்காத்தி வெச்சு ஹரித்ராநதி தெப்பக்குளத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு போய், வர்றப்ப ஒரு பன் பட்டர் வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வருவாரு. அவருக்கு ஒரு டீ, அவளுக்கு பன்னு, அதை அவரு டீலயே முக்கி முக்கித் திம்பா. அந்த ருசி நாக்குல நின்னு போச்சு புள்ளைக்கு.

குளூட்டன் என்ன பண்ணுதுன்னு தெரியணும்னா பரோட்டா மாஸ்டரைப் பாருங்க. உருண்டையை எண்ணெய்ல ஊறப்போட்டு, எடுத்து வீசி வீசி வேட்டி மாதிரி விரிக்கிறாருல்ல, கிழியாம வருதே, அதுதான் குளூட்டன். எங்கம்மாவுக்கு நான் வேற மாதிரி சொன்னேன். கோதுமை அல்வாவுக்கு சம்பா கோதுமையை ஊறப்போட்டு ஆட்டிப் பால் எடுப்பாங்கல்ல, கடைசில கையில இழுவையா, பிசின் மாதிரி ஒரு சக்கை நிக்குமே அதுதான்மான்னேன். "அடப்பாவி, அதைத்தான் சின்ன வயசுல வாய்ல போட்டு பபுள்கம் மாதிரி மெல்லுவோம்"னாங்க. ஈஸ்ட் விடுற காத்தை அந்த இழுவைதான் பலூன் மாதிரி பிடிச்சு வெச்சுக்குது. அரிசி மாவுல அந்த இழுவை கிடையாது. காத்து வரும், வந்த வழியே போயிடும்.

மொத பன்னு செங்கல்லு. கோதுமை பன் ரெசிப்பில மைதாவுக்குப் பதிலா கடையில வாங்கின அரிசி மாவைப் போட்டா வேற என்ன வரும். ரெண்டாவது உள்ள களி, வெளில ஓடு. மூணாவதுல சாந்தன் கம்னு ஒரு பவுடரை ஆன்லைன்ல வாங்கிப் போட்டேன், கொஞ்சம் உப்புச்சு, ஆனா வாய்ல ரப்பர் செருப்பு. அஞ்சாவதோ ஆறாவதோ பாக்க நல்லா இருந்துச்சு, பாப்பா ஆசையா எடுத்து ரெண்டா பிக்கப் பாத்தா, பொலபொலன்னு கையிலேயே கொட்டிப்போச்சு. "அப்பா, உதிருதுப்பா"ன்னா. அவ்ளோதான் சொன்னா, பொடியை எல்லாம் கையில அள்ளித் தின்னுட்டா, நல்லாருக்குப்பான்னு வேற சொன்னா. நான் அடுக்களைக்குப் போயிட்டேன்.

இசப்கோல் தெரிஞ்சது அதுக்கப்புறம்தான். மலச்சிக்கலுக்குத் தண்ணில கலந்து குடிப்பாங்களே, குஜராத் பக்கம் விளையுற அந்த உமிதான். தண்ணி பட்டா ஜெல்லி மாதிரி ஆயிடும், அந்த ஜெல்லி குளூட்டன் மாதிரியே கொஞ்சம் இழுவை குடுக்கும், காத்தையும் பிடிக்கும், தண்ணியையும் பிடிக்கும். மெடிக்கல்ல மொத தடவை ஒரு டப்பா, பத்து நாள்ல ரெண்டு, மறுவாரம் மூணுன்னு நான் வாங்கவும், மெடிக்கல் தம்பி குரலைத் தாழ்த்தி "அண்ணே, டாக்டரைப் பாத்துடுங்கண்ணே, இது பழகிடக் கூடாது"ன்னான். பன்னு செய்யன்னு சொன்னேன், நம்பல. இதுல இன்னொரு கூத்து, சில இசப்கோல் போட்டா பன்னு வெந்ததும் உள்ள கத்திரிப்பூ நிறமா மாறிடும். கெட்டுப்போச்சுன்னு ஒரு ஈடு பூரா தூக்கிப் போட்டிருக்கேன், அப்புறம்தான் தெரிஞ்சுது நிறம் மட்டும்தான், திங்கலாம்னு. டப்பாவை மாத்திப் பாருங்க, சரியாயிடும்.

ஆனா இசப்கோல் போட்டும் உதிர்றது முழுசா நிக்கல. இதுல எனக்கு வழி காட்டினது யூடியூப் இல்ல, எங்கம்மா. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறிக்கிட்டு இருந்தாங்க. தண்ணி தளதளன்னு கொதிக்குது, உப்பும் நல்லெண்ணெயும் விட்டு, மாவைக் கொட்டி கட்டி விழாம கிண்டி, மூடி வெச்சு, செத்த நேரம் கழிச்சு கை பொறுக்கிற சூட்டுல பிசைஞ்சு, கிண்ணம் மாதிரி மெல்லிசா தட்டினாங்க. கிழியல. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அரிசி மாவு கிழியாம வருதே! பச்சைத் தண்ணில பிசைஞ்சிருந்தா வெடிச்சிருக்கும். கொதிதண்ணில மாவு வெந்து பசையாயிடுது, அந்தப் பசைதான் மீதியைச் சேத்துப் பிடிக்குது. இடியாப்பமும் அதேதான். நான் எதையோ தேடி எங்கெங்கேயோ சுத்திக்கிட்டு இருந்திருக்கேன், பதில் வாழையிலைல வரிசையா உக்காந்திருக்கு.

"உன் மாவே தப்புடா"ன்னாங்க அப்பவே. பாக்கெட் மாவு நறநறன்னு இருக்கும், பணியாரத்துக்குக் கூட ஆவாது. அதிரசத்துக்கு இடிக்கிற மாதிரி பச்சரிசியைக் களைஞ்சு ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, வடிச்சு, வேட்டித்துணில நிழல்ல பரப்பி, கையில பிடிச்சா ஈரம் தெரியணும் ஒட்டக்கூடாது, அந்தப் பதத்துல அரைச்சு சலிக்கணும். ஈரத்துல அரைச்சா மாவு சூடாகாது, அரிசிக்குள்ள இருக்கிற மாவுச்சத்து மணி மணியா உடையாம பிரியும், அதனால கண்டபடி தண்ணி குடிக்காது, பன்னு நல்லா எழும்பும். வெளிநாட்டுல இதை ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, எங்கம்மா ஒரு படிப்பும் படிக்காம விரல்ல தேய்ச்சுப் பாத்துட்டு "நைஸு பத்தல, இன்னொருக்கா ஓட்டு"ம்பாங்க. எல்லாப் பச்சரிசியும் ஒத்துவராது, புது அரிசி வேணவே வேணாம், குழையும். இட்லிக்குப் போடுற ஏடிடி 37 புழுங்கல்ல ஒருதடவை பண்ணேன், பன்னு இட்லி வாசம் வந்துச்சு.

இட்லின்னதும் இன்னொண்ணு. உளுந்து. உளுந்தை ஆட்டினா பொங்கப் பொங்க வருதே, அந்த நுரைதான் இட்லில காத்தைத் தாங்குது, குளூட்டன் இல்லாம புளிக்க வெச்சு உப்ப வைக்கிற வித்தையை நம்ம வீட்டு கிரைண்டர் தினமும் பண்ணிக்கிட்டுதானே இருக்கு. புரட்டாசி சனிக்கிழமை எங்க வீட்ல முட்டை கிடையாது, அன்னைக்குன்னு பாப்பா பன்னு கேட்டா, முட்டைக்குப் பதிலா உளுந்து ஆட்டிப் போட்டுப் பாத்தேன். அதுலேர்ந்து முட்டையே போடுறதில்ல.

கேக்குறவங்களுக்காக அளவு சொல்றேன், தராசு வெச்சு நிறுக்கணும், டம்ளர் கணக்கு வேணாம். ஈரத்துல அரைச்சு அப்புறம் ஃபேன் காத்துல நல்லா காயவெச்ச அரிசி மாவு 200 கிராம், மரவள்ளிக்கிழங்கு மாவு 80. உளுந்து 40 கிராம், ஊறினதும் 80 மில்லி தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வடைக்கு ஆட்டுறதை விடப் பொங்க ஆட்டிக்கணும். அந்த 200 அரிசி மாவுலேர்ந்து 40 கிராமை எடுத்து 160 மில்லி தண்ணில கரைச்சு அடுப்புல வெச்சு கூழ் பதத்துக்குக் கிண்டி ஆறவைக்கணும், இதுதான் கொழுக்கட்டை சமாச்சாரம். இசப்கோல் 15 கிராம், 120 மில்லி வெதுவெதுப்பான தண்ணில கால்மணி நேரம். எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து, சர்க்கரை 25, உப்பு ஒரு டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உருக்கின வெண்ணெய் 25. இதைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைய முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க, அதிரச மாவை விடத் தளர்வா, கையில அப்பிக்கிட்டுதான் இருக்கும். கையைத் தண்ணில நனைச்சு நனைச்சு உருட்டணும்.

உருட்டி வெச்சா அது சும்மா இருக்குமா, பக்கவாட்டுல படர்ந்து அடையாயிடும். பிடிச்சு நிறுத்த இழுவை இல்லையே, சுவராவது வேணுமே. பன் டின்னு வாங்கலாம்னு தேடிக்கிட்டு இருந்தப்ப, வீட்டுக்காரிதான் "ஏங்க, டபரா இல்ல?"ன்னா. கல்யாணத்துல வந்த எவர்சில்வர் டபரா செட்டு பரண்மேல ஒரு டஜன் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. உள்ள எண்ணெய் தடவி முக்கால் அளவுக்கு மாவு வெச்சா கச்சிதமா எழும்பி, விளிம்புல ஒரு தொப்பி மாதிரி உக்காந்துக்கும். மேல சொன்ன அளவுக்கு 8 டபரா. எங்க ஊரு வெயிலுக்கு முக்கால் மணி நேரம் கூட வேணாம், சித்திரைல அரைமணில பொங்கிடும், ரெண்டாவது தடவை பொங்கவிடுறது இதுக்கு கிடையாது. ஓடிஜில, அதாவது கரண்டு அவன்ல, 190 டிகிரி, 30லேர்ந்து 35 நிமிஷம். கரண்டு போச்சுன்னா போச்சு, அன்னைக்கு அதை இட்லி குக்கர்ல வெச்சு ஆவில வேகவெச்சுத் தின்னுக்கலாம், நான் பண்ணியிருக்கேன், கெட்டுப்போவல.

சுட்டதும் வெட்டாதீங்க. முழுசா ஆறணும், சூட்டுல வெட்டினா உள்ள பிசுபிசுன்னு வேகாத மாதிரி இருக்கும். மறுநாளைக்கு விறைச்சுக்கும், பழைய இட்லி விறைக்குதே அதே கதை, ஆறின அரிசிச் சத்து திரும்ப இறுகிக்கிறது. கவலைப்படாம தோசைக்கல்லுல வெண்ணெய் போட்டு ரெண்டு பக்கமும் வாட்டினா பஞ்சாயிடும்.

பன்னு வந்துட்டா மட்டும் எல்லாம் சரியாயிடுதா. ஸ்கூல்ல பொறந்தநாள் புள்ளைங்க நீட்டுற சாக்லேட்டை பைல போட்டுக்கிட்டு வந்து எங்கம்மாகிட்ட லேபிள் படிக்கக் குடுப்பா. கோயில்ல புளியோதரை குடுத்தா பெருங்காயம் இருக்கும்னு வாங்கி எனக்குக் குடுத்துடுவா. கல்யாண வீட்ல "ஒரு வாய்தானே, சாமி மேல பாரத்தைப் போட்டுட்டு சாப்பிடட்டும்"னு சொல்ற அத்தைங்க இன்னும் இருக்காங்க. கடையில கேழ்வரகு பிஸ்கட், சிறுதானிய பிஸ்கட்னு அட்டையில படம் போட்டு விக்கிறாங்களே, திருப்பிப் பாத்தா நிறையத்துல மைதாவோ கோதுமையோ கலந்திருக்கு. ஆனா ரத்தம் ஏறிடுச்சு, போன வருஷம் டிடிஜி நார்மலுக்கு வந்துடுச்சு, பிரேயர் லைன்ல நடுவுக்கு வந்துட்டா.

பங்குனில ராஜகோபால சுவாமிக்கு வெண்ணெய்த்தாழி. தெரு பூரா வெண்ணெய் விப்பாங்க, சாமி குடத்தோட தவழுற கோலத்துல பல்லக்குல வர்றப்ப ஜனங்க வெண்ணெயை வீசுவாங்க, சாமியும் பல்லக்கும் பட்டரும் எல்லாம் வெண்ணெய். போன பங்குனிக்கு எங்கம்மா ரெண்டு பொட்டணம் வாங்கி ஒண்ணை வீசிட்டு, ஒண்ணைக் கொண்டாந்து என்கிட்ட குடுத்து "இன்னைக்கு சுடு"ன்னாங்க. அப்பாவுக்கு அந்தத் திருவிழான்னா உசுரு.

சாயந்திரம் அஞ்சு மணிக்கு திண்ணைல உக்காந்து ஆறின பன்னை டபராவைக் கவுத்துத் தட்டி எடுத்தேன். கத்தி எடுக்கப் போறதுக்குள்ள பாப்பா கையில வாங்கிட்டா. ரெண்டு கட்டைவிரலையும் நடுவுல வெச்சு மெதுவா இழுத்தா. உள்ள மெல்லிசா, சேமியா மாதிரி ரெண்டு மூணு நூலு நீண்டு, அப்புறம்தான் விட்டுச்சு.

"அப்பா, பிய்யுதுப்பா."

எங்கம்மா எட்டிப் பாத்தாங்க, நானும் பாத்தேன். அவளே பிச்ச பாதிங்க ரெண்டுலயும் வெண்ணெயை அப்பினா, எங்கம்மா டீ டம்ளரை இழுத்து வெச்சு, தாத்தா முக்குற மாதிரி ஒரு ஓரத்தைப் பிடிச்சு முக்கினா. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு இருந்தா, மூணாவதுக்குள்ள பாதி பன்னு டீக்குள்ள விழுந்துடுச்சு. டம்ளருக்குள்ள குனிஞ்சு பாத்துட்டு, "தாத்தா வாங்கிக் குடுக்கிறது விழாது"ன்னா.

ஸ்பூன் எடுத்துட்டு வரப் போனேன். இசப்கோலை இன்னும் ரெண்டு கிராம் கூட்டிப் பாக்கணும்.